தெற்கே தனியாக ஒரு குறி

கடலில் படகுக்கும் கரையில் மீன் வண்டிக்கும் வழிகாட்ட ஒரே கருவியாகத் தேடிய ரூபன், கடையில் இருந்த புதியதை விட்டுவிட்டு மரியசெல்வியின் வீட்டுக்கு வந்தான். அவளுடைய இறந்துபோன கணவர் ஜெரோமின் ஜிபிஎஸ்ஸில் அவர் மீன் பிடித்த இடங்களெல்லாம் பதிவாகியிருந்தன. மீன் படும் இடங்களில் எல்லாம் அவர் மண்டை ஓட்டுக் குறி வைத்திருந்தார். திரையை எட்டிப் பார்ப்பவர்கள் பாறை என்று பயந்து விலகிப் போவார்கள். இதை மறைக்காமல் சொல்லித்தான் மரியசெல்வி அதை விற்றாள். ஆனாலும் அவளுக்கு மனம் கேட்கவில்லை.

“தம்பி, தெக்க தனியா ஒண்ணு இருக்குல்ல, அது மட்டும் நெசமாவே பாறை. அவுக படகு ஒடஞ்சது அங்கதான். கூடப் போனவரு பாறையப் பிடிச்சுக்கிட்டே இதுல வச்ச குறி அது. அந்தப் பக்கம் போயிராதீங்க.”

ரூபன் சிரித்தான். “அடேங்கப்பா! மத்ததையெல்லாம் என் தலையில கட்டிட்டு, நல்ல எடத்த ஒங்க கொழுந்தனுக்கு ஒதுக்கிட்டீகளாக்கா?”

“மாதா மேல சத்தியம், தம்பி.”

“சத்தியம் வேறயா? அப்ப மொத வலை அங்கதான்.”

அவள் வாசலை மறித்து நின்று கையெடுத்துக் கும்பிட்டாள். அவள் அழ அழ, அவன் முகம் மலர்ந்துகொண்டே போனது.