பேசினால் தீரும்

எகிப்து அரசர்களின் கல்லறைக்குள் ஆளுக்கு இவ்வளவு மூச்சுதான் விடலாம். மீறினால் சுவர் ஓவியங்கள் கெட்டுவிடுமாம். மணிக்கட்டில் கட்டிய பட்டை அளந்துகொண்டே இருக்கும். பேசினால் அந்த மூச்சுப் பங்கு இன்னும் வேகமாகத் தீரும்.

என் மனைவி செண்பகவல்லி, படியிறங்கும்போதே சங்கரன்கோவில் கோபுரத்தோடு ஒப்பிட்டுப் பேச ஆரம்பித்துவிட்டாள். முதல் ஓவியம் வருவதற்குள் அவள் பட்டை சிவந்தது. காவலர் வாசலைக் காட்டினார். அவளுக்கு முகமே செத்துவிட்டது.

வீட்டில் எதற்கும் "ம்" மட்டும் சொல்லுகிற என் பங்கு அப்படியே இருந்தது. பட்டையைக் கழற்றி அவள் கையில் கட்டினேன். காவலர் தடுக்கவில்லை.

"அப்ப நீங்க பாக்க வேண்டாமா?"

"பேசாம போ. வந்து சொல்லு."

கெய்ரோ போகும் ரயிலில் அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். மூச்சு வாங்க நிறுத்தும்போதெல்லாம் நான் கேட்டேன்: "அப்புறம்?"