விரித்த துணி

மேலே கிளை உலுங்கியது. நாவல்பழம் பொலபொலவென்று துணியில் கொட்டியது.

துணியின் இரண்டு முனை மல்லிகா கையில். மற்ற இரண்டு முனை பழக்கடை ஹலீமா கையில். ஆடி மாசத்து மூடுபனி மரத்தைப் பாதிக்கு மேல் விழுங்கியிருந்தது. ஏறியவன் தெரியவில்லை.

"இந்த ஊதா நெறம் இருக்குதே கண்ணு, அதான் மருந்தாம். ஆன்டி ஆக்சிடன்ட்டாம். லாட்ஜுக்கு வர்ற டாக்டரு சொல்றாரு. கருப்புத் திராட்சை, கவுனி அரிசி, கத்திரிக்காத் தோலு எல்லாத்துலயும் அதே சத்துதானாம். நெஞ்சுக்கு நொம்ப நல்லதாம். அதுக்கு ஒரு பேரு சொன்னாரு. பழம் நுழையற வாயில பேரு நுழையல."

"எங்கூட்டுக்காரரு பொறந்ததுல இருந்து தின்னாருங்கக்கா. நெஞ்சுல ஒரு கோளாறும் இல்லீங்க."

ஹலீமா பேச்சை விட்டுவிட்டுத் துணியை இழுத்துப் பிடித்தாள்.

மல்லிகாவின் புருஷன் ஐயாக்கண்ணு போன வருஷம் இதே மரத்திலிருந்துதான் விழுந்து செத்தான். நாவல் கிளை பார்வைக்குத்தான் பருமன். நம்பிக் கால் வைத்தால் மடக்கென்று முறியும்.

இன்று ஏறியிருப்பது அவன் தம்பி சின்னன். வேண்டாம் என்று அவள் நேற்றே எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். நீங்கள் வருவதற்கு முந்தியே ஏறியிருப்பேன் என்று சிரித்துவிட்டுப் போய்விட்டான். எஸ்டேட்டில் வேலை இல்லாத மாசம். லாட்ஜ் கேட்கிற பழத்தை வேறு யார் பறிப்பது?

ஒரே ஒரு பழம் தனியாக வந்து அவள் கொண்டையில் விழுந்தது.

மல்லிகா கொண்டையைத் தொட்டுப் பார்த்தாள். கிளை மாறும்போதெல்லாம் அவள் கொண்டைக்குக் குறி வைப்பது ஐயாக்கண்ணுவின் வேலை. கொழுந்தன் ஒருநாளும் அப்படி விளையாடியதில்லை.

"போதும் சின்னா, எறங்கிரு சாமி!"

"ஏனுங்க அண்ணி, யாரைக் கூப்புடறீங்க?"

குரல் முதுகுக்குப் பின்னால் பாதையில் இருந்து வந்தது. தோளில் கயிற்றுடன் சின்னன் மூச்சிரைக்க நின்றான். அடிவாரத்தில் முதல் பஸ்ஸை விட்டுவிட்டானாம்.

மேலே கிளை இன்னும் உலுங்கிக்கொண்டிருந்தது.

பிறகு, மடக்கென்று ஒரு சத்தம்.

ஹலீமா துணியை உதறிவிட்டு ஓடினாள். சின்னன் அண்ணியையும் ஓடிவரச் சொல்லி அலறினான்.

போன வருஷம் அந்தச் சத்தத்துக்கு மல்லிகாவும் அப்படித்தான் துணியை விட்டுவிட்டு ஓடினாள்.

இப்போது ஹலீமா விட்ட முனைகளையும் அள்ளி, இரண்டு கையையும் அகல விரித்து, முகத்தை மேலே தூக்கியபடி மரத்தடியிலேயே நின்றாள்.