செங்கோடன் கூப்பிட்ட பெயர்

கம்பம் சாய்ந்தபோது செங்கோடன் தன் போர்மேனைக் கூப்பிடவில்லை.

"சந்தியாகண்ணா!"

குழிக்குள் இடுப்பளவு சேற்றில் நின்றிருந்தான். அடிப்பக்கம் சறுக்கியதும் சிமெண்ட் கம்பம் அவன் தலைக்கு மேல் மெல்லத் திரும்பியது. கட்டியிருந்த மூன்று கயிறுகளில் ஒன்று அறுந்துவிட்டது. இன்னொன்றைப் பிடித்திருந்தவர்கள் வழுக்கி விழுந்து கிடந்தார்கள்.

மூன்றாவது கயிறு அவர் கையில் இருந்தது.

அந்தப் பெயர் அவர் காதில் விழுந்தது. விழுந்த பிறகும் கயிற்றை விடவில்லை. பக்கத்திலிருந்த பனையைச் சுற்றி ஒரு வளையம் போட்டார். காலை மரத்தில் ஊன்றிக்கொண்டார். உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போனது.

கம்பம் பாதியில் நின்றது.

செங்கோடன் ஊர்ந்து வெளியே வந்தான்.

அதற்குப் பிறகுதான் சந்தியாகு ஓடி வந்து சேர்ந்தான்.

போர்மேனுக்கு மின்வாரியத்தில் இருபத்தாறு வருட சர்வீஸ். புயல் கரையைக் கடந்த மறுநாளே நாமக்கல்லிலிருந்து பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வேதாரண்யம் பக்கம் வந்துவிட்டார். விழுந்த மின்கம்பங்களை அகற்றிவிட்டுப் புதிது நடவேண்டும். சந்தியாகு தூத்துக்குடிக்காரன். அவரைவிடப் பத்து வயது சின்னவன். அவன் குழுவிலும் பன்னிரண்டு பேர். இரண்டு குழுவுக்கும் ஒரே பள்ளிக்கூடத்தில் தங்கல். ஒரே சோறு. ஒரே சேறு.

முதல் நாள் அவர்கள் ஒன்பது கம்பம் நட்டார்கள். இவருடைய ஆட்கள் ஆறு.

அவர்கள் பக்கம் மணல் தரை, அதனால்தான் என்று சொல்லிக்கொண்டார்.

மூன்றாம் நாள் விடிந்ததும், யாரும் எழுந்து வருமுன், அங்கே போய்க் கடப்பாரையால் குத்திப் பார்த்தார்.

இதே சேறுதான்.

அன்றிலிருந்து அவனையே கவனித்தார். அவன் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. அதுதான் எரிந்தது. ஒருத்தன் குழியை இரண்டடி கூடுதலாகத் தோண்டிவிட்டான். இவராக இருந்தால் சத்தம் கடற்கரை வரை கேட்டிருக்கும். சந்தியாகு குழிக்குள் எட்டிப் பார்த்தான்.

"ஏலே, கம்பத்த நட்டா பல்பு மட்டும்தான் வெளிய தெரியும் போலிருக்கே."

சொல்லிவிட்டுத் தானே இறங்கி மண்ணை அள்ளி நிரப்பினான். தோண்டியவன் வெட்கப்பட்டுச் சிரித்தான். மதியம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த பிறகும் அந்த ஆள் வரவில்லை. அடுத்த குழியை அளந்து முடித்துவிட்டுத்தான் வந்தான். யாரும் அவனை இருக்கச் சொல்லவில்லை.

மறுநாள் இவரும் ஒரு வேடிக்கை சொல்லிப் பார்த்தார்.

பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிக்கச் சொல்லி உத்தரவு வந்ததுபோல.

அவர் வந்தால் பீடி அணையும். பேச்சு நிற்கும். இத்தனை வருடமாக அதை மரியாதை என்றே நினைத்திருந்தார். அவர் கீழ் வேலை செய்தவர்களில் ஒருவனுக்கும் ஒரு விரல்கூடப் போனதில்லை. இதை எங்கேயாவது யாராவது சொல்லியிருக்கிறார்களா?

ஐந்தாம் நாள் செங்கோடன் அந்தப் பக்கம் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். கையை ஆட்டி ஆட்டி ஏதோ கதை சொன்னான். தூத்துக்குடிக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவனுக்கு இரட்டைப் பெண் குழந்தைகள் என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

செங்கோடன் அவரிடம் ஏழு வருடமாக வேலை செய்கிறான்.

இன்றைக்கு ஆறாம் நாள்.

சந்தியாகு தன் தலைத்துண்டைக் கிழித்து அவர் கைகளில் சுற்றினான்.

"வேற யாரா இருந்தாலும் விட்டிருப்பாங்க அண்ணாச்சி."

அவன் கண் கலங்கியிருந்தது. நடிப்பா என்று உற்றுப் பார்த்தார். நடிப்பாக இருக்கவேண்டும் என்று ஆசையாக இருந்தது.

இல்லை.

செங்கோடன் மேட்டில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தான். யாரோ தண்ணீர் கொடுத்திருந்தார்கள். அவர் போய் அவன் எதிரே குந்தினார். வேறு எதையாவது கேட்டிருக்கலாம்.

"யாரடா கூப்பிட்ட?"

"எப்பங்க சார்?"

"கம்பம் சாயறப்ப."

அவன் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான்.

"நான் யாரையும் கூப்பிடலீங்களே."

பொய் சொல்லியிருந்தால் திட்டியிருப்பார்.

சாயங்காலம் பொறியாளர் அம்மா ஜீப்பில் வந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் லைன் இன்னும் கிடப்பில் கிடந்தது. அங்கே ஆறு நாளாக ஜெனரேட்டர்தான். அதிலும் பிரசவ வார்டுக்கு மட்டும். நாளைக்கு வாய்க்காலைத் தாண்டிப் பெரிய கம்பங்கள் நிறுத்தவேண்டும். இரண்டு குழுவும் சேர்ந்தால்தான் முடியும்.

"ஆளுக்கு ஒரு பக்கம் கத்தினா கயிறு பிடிக்கிறவங்க குழம்பிடுவாங்க. ஒருத்தர் குரல்தான் இருக்கணும்," என்றார். போர்மேன் பக்கம் திரும்பினார். "நீங்கதானே சார் சீனியர்?"

இருபத்து நான்கு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

அவருடைய ஆட்களும்தான்.

கட்டுக்குள் உள்ளங்கை துடித்தது. செங்கோடன் ஈரச் சட்டையைக்கூட மாற்றாமல் கடைசியில் நின்றிருந்தான்.

"சந்தியாகு பார்த்துக்கட்டும் மேடம். அவன் சொல்றபடி நாங்க இழுக்கறோம்."

சந்தியாகு ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

குனிந்திருந்த தலைகள் நிமிர்ந்தன.

தன் பன்னிரண்டு பேரின் முகங்களையும் அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

ஒன்றாவது வாடுகிறதா என்று.