உப்பில்லாத தண்ணீர்

"டீசல்ல தண்ணி கலந்து விக்கிறதுக்கு, பேசாம தண்ணியையே விக்கலாம்ல?"

படகுத்துறையில் நாலு பேர் பார்க்கப் படகுக்காரர் கேட்டுவிட்டார். பங்க்காரருக்கு ரத்தம் தலைக்கேறியது.

கேனில் டீசல் சுமந்து விற்று, அடிபட்டு மிதிபட்டு, துறையோரம் சொந்தமாக ஒரு பங்க் போட்டவர் அவர். லாபத்தை விட்டாலும் விடுவார், பேரை விடமாட்டார்.

இந்தப் படகு கிளம்பும்போதே இன்ஜின் இருமி இருமி நிற்பது இது மூன்றாவது முறை. திறந்து பார்த்தால் டேங்க்கின் அடியில் தண்ணீர். பேச்சு பரவி, வழக்கமாக வருகிற படகுகள்கூட இன்று காலையில் எதிர் பங்க்குக்குத் திரும்பிவிட்டன.

"வாய்யா, இப்பவே பார்த்துடலாம். என் டீசல்ல ஒரு சொட்டுத் தண்ணி இருந்தா பங்க்கை இழுத்துப் பூட்டிட்டுப் போறேன். இல்லேன்னா, இதே நாலு பேர் முன்னால உன் வாயால அதைச் சொல்லணும்."

படகில் மெக்கானிக் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தார். படகுக்காரரின் கூடப் பிறந்த அண்ணன். அப்பா ஓட்டிய பழைய இன்ஜினை, ஒரு வார்த்தை கேட்காமல் தம்பி இரும்புக்கடையில் போட்டதிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. இன்ஜின் மக்கர் பண்ணினால் மட்டும் தம்பி ஆள் விட்டுக் கூப்பிடுவார். அண்ணனும் வந்துவிடுவார். சின்ன வேலையைச் சாயங்காலம் வரை இழுப்பார்.

"டேங்க் மூடியைத் திறக்கச் சொல்லுங்க," என்றார் மெக்கானிக், பங்க்காரரைப் பார்த்து.

பக்கத்திலேயே நின்ற தம்பி, இடுப்புச் சாவியை எடுத்துக்கொண்டு குனிந்தார். "சாப்பிட்டாச்சான்னு கேளுங்க," என்றார், அவரும் பங்க்காரரைப் பார்த்து.

"நான் என்ன உங்க வீட்டுத் தபால்காரனா?"

ஆனாலும் கேட்டார். ஆச்சு என்று பதில் வந்தது. ஆள் இளைத்த மாதிரி இருக்கே, உடம்புக்கு என்ன என்று அடுத்த கேள்வி வந்தது. வயசாகுது, வேறென்ன என்று அதற்கும் பதில் வந்தது. பங்க்காரர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

மெக்கானிக் பார்க்காமலே கையை நீட்டினார். கேட்கும் முன்பே சரியான ஸ்பேனர் அந்தக் கையில் வந்து உட்கார்ந்தது. கொடுத்த கை உடனே விலகவில்லை.

பங்க்காரர் முதலில் தன் ஹோஸிலிருந்து ஒரு பாட்டில் பிடித்து வெயிலில் காட்டினார். கண்ணாடி மாதிரி இருந்தது. அப்புறம் மெக்கானிக், கைப்பம்பின் குழாயை டேங்க்கின் அடிவரை விட்டு இழுத்தார். பாட்டில் நிறைய வெறும் தண்ணீர்.

"இன்ஜின் நல்லா குளிச்சிருக்கு," என்று கரையில் ஒருத்தர் சிரித்தார்.

பங்க்காரர் விடவில்லை. மூடியின் ரப்பர் வளையத்தைத் தடவிப் பார்த்தார், புத்தம் புதுசு. டேங்க்கின் காற்றுக் குழாய் அலைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. அப்படியானால் கடல் தண்ணீர் எந்த வழியாக வந்தது? சட்டென்று பாட்டிலுக்குள் விரலை விட்டு நாக்கில் வைத்தார். துப்பிவிட்டு, மறுபடியும் வைத்தார்.

"உப்பே இல்லையேய்யா. இது கடல் தண்ணி இல்ல. மழை பெஞ்சும் மாசக்கணக்காச்சு. குடிக்கிற தண்ணி இது. எவனோ கொண்டுவந்து..."

"டேங்க் வேர்த்திருக்கு," என்று குறுக்கே விழுந்தார் மெக்கானிக்.

கரைக்கே கேட்கும்படி விளக்கினார். பகலில் சூடு, இரவில் குளிர். பாதி காலியாகக் கிடக்கும் டேங்க் உள்ளுக்குள் வேர்க்கும், அந்தத் தண்ணீர் அடியில் போய்த் தங்கும். டீசலைச் சொல்லிக் குற்றமில்லை.

படகுக்காரர் தலையைத் தூக்கவில்லை. "டீசல் மேல தப்பில்ல. நான் சொன்னதுதான் தப்பு," என்றார். அதே மூச்சில், டீ வாங்கி வருவதாகவும், அதில் ஒன்று சர்க்கரை கம்மியாக என்றும் யாருக்கோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டுக் கரையேறிப் போனார்.

கூட்டம் கலைந்தது. போன நல்ல பேர் திரும்பி வந்தும் பங்க்காரருக்கு மனசு ஆறவில்லை. மெக்கானிக் பக்கத்தில் போய்க் குந்தினார்.

"வேர்த்தா ஒரு கை தண்ணி தேறும். இது குடத்தையே கவுத்த மாதிரி இருக்கு. யார் காதுல பூ சுத்துறீங்க?"

மெக்கானிக் பாட்டிலின் வாயைத் துடைத்தார்.

"மூடிச் சாவி அவன் இடுப்புலதான இருக்கு. உங்க தம்பியேதான ஊத்துறான்?"

"ம்."

"எப்பலேர்ந்து தெரியும்?"

"முதல் தடவையே."

"அப்பவே ரெண்டு அறை விட்டு, ஏன்டா ஊத்துறேன்னு கேட்டுத் தொலைச்சிருக்கலாம்ல? என் பேராவது தப்பிச்சிருக்கும்."

டீக்கடை வாசலில் டம்ளர்களோடு நின்ற தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார் மெக்கானிக்.

"கேட்டுட்டா, அப்புறம் எதைச் சொல்லி என்னைக் கூப்பிடுவான்?"