பாதி விலை ரயில்

தானும் விலை கொடுத்திருந்த ரயில் பெட்டி டெண்டர் வெளிநாட்டுக் கம்பெனிக்குப் போய்விட்டது என்று தெரிந்ததும் தொழிற்சாலை முதலாளிக்கு வயிறு பற்றி எரிந்தது.

"அவங்க அரசாங்கமே பணத்தை அள்ளிக் கொடுக்குது. அதனாலதான் பாதி விலைக்குத் தர்றாங்க. நான் யார்கிட்டப் போய்க் கையேந்தறது?" என்று மனைவியிடம் பொருமினார்.

வக்கீலைப் பிடித்துப் புகார் கொடுத்தார். விசாரணையில் விதிக்குப் புறம்பான மானியம் அம்பலமாகி, அந்தக் கம்பெனி டெண்டரிலிருந்து நீக்கப்பட்டது.

அன்று மாலையே சகலை பூங்கொத்தோடு வந்து கட்டிக்கொண்டார்.

"அதுக்குள்ள உங்களுக்குச் சேதி வந்துடுச்சா, சகலை?" முதலாளிக்குப் பெருமை தாங்கவில்லை.

"பின்னே? எல்லாம் உங்க புண்ணியம்! எங்க ஃபேக்டரியும் சத்தமில்லாம டெண்டர் போட்டிருந்துது. அடுத்த குறைஞ்ச விலை எங்களோடதாம். ஆர்டர் எனக்கே!"

சிரித்து வழியனுப்பிவிட்டு, முதலாளி வக்கீலுக்குப் போன் போட்டார்.

"சார், அந்தப் புகாரை வாபஸ் வாங்க முடியுமா?"