உறைமோர் பற்றி ஒரு கேள்வி

கலியபெருமாளுக்கு ஒரே ஒரு விஷயம்தான் தெரிய வேண்டியிருந்தது. நிலாவில் பால் தயிராக உறையுமா? மகள் தமயந்தி இரண்டு வருட வேலைக்கு அங்கே கிளம்புகிறாள். சொந்தப் பொருளாக ஒரு சின்னப் புட்டி கொண்டுபோகலாம். மாலை நான்கு மணிக்குப் பெட்டியை மூடிவிடுவார்கள். அந்தப் புட்டியில் வீட்டு உறைமோரை ஊற்றுவதா, ஊறுகாயை அடைப்பதா?

இணையத்தில் ஓர் அறிவியல் மன்றத்தில் கேட்டார். கேள்வி ஏறியதுமே, கேட்பவரின் நோக்கத்தைக் கணித்துச் சொல்லும் மன்றத்து இயந்திரம் அதன் கீழே எழுதியது: “உண்மை நோக்கம்: மகளைப் பிரியும் துக்கம்.” அதற்குப் பிறகு கேள்வியை யார் படிக்கிறார்கள்? நானூறு பேர் ஆறுதல் சொன்னார்கள்.

“துக்கமா? எனக்கா? மோரைப் பத்திக் கேட்டேன்டா!” என்று திரையைப் பார்த்துக் கத்தினார்.

“துக்கம் இல்லேன்னா ஏன் கத்துறீங்க?” என்றாள் மனைவி செங்கமலம்.

மூன்றரை மணிக்கு வேறு மாதிரி எழுதினார்: “நிலாவில் தயிர் உறையவே உறையாது. உறையும் என்கிற விஞ்ஞானிகள் புளுகர்கள்.”

“உண்மை நோக்கம்: வம்பு” என்றது இயந்திரம். ஐந்தே நிமிடத்தில் ஒரு நுண்ணுயிரியல் பேராசிரியை வரிந்துகட்டிக்கொண்டு வந்தார். “அட மக்கு, கதகதப்பு இருந்தால் போதும். பால் பவுடரைக் கரைத்தாலே உறையும்.”

கலியபெருமாள் புட்டியில் மோரை நிரப்பி மூடியை இறுக்கினார். அதற்குள் மன்றம் அவரை ஒரு வருடத்துக்கு வெளியேற்றியிருந்தது.

“இனிமே சந்தேகம் வந்தா யாரைக் கேப்பீங்க?” என்றாள் செங்கமலம்.

“அதான் ஒருத்தி அங்கயே போறாளே. கெட்டியா உறைஞ்சுதா, தண்ணி விட்டுதான்னு அவளைத் தெனம் கேப்பேன்.”