தோலிலிருந்தா, எலும்பிலிருந்தா?

“நம்ம இன்ஸ்பெக்டர் வந்திருக்காரு டாக்டர்” என்றார் அட்டெண்டர், சிரிப்பை அடக்க முடியாமல். “அளந்து பாத்துச் சொல்லணுமாம். பேரன் பேத்தி எடுத்த வயசுல இதெல்லாம் ஒரு கவலையா?”

சின்ன டாக்டருக்கும் அதே எண்ணம்தான். வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

“உள்ள அனுப்புங்க.”

இன்ஸ்பெக்டர் என்றால் போலீஸ் இல்லை. கடைகடையாக ஏறி இறங்கித் தராசையும் எடைக்கல்லையும் சோதித்துப் பார்க்கிற வேலை. எடையில் துளி குறைந்தாலும் கடைக்காரனை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவாராம். ஓய்வு பெற்ற பிறகு புராஸ்டேட்டில் புற்றுநோய் என்று தெரிந்தது. பெரிய டாக்டர் அறுவை சிகிச்சை செய்து அதை எடுத்துப்போட்டார். உயிர் பிழைத்தாயிற்று. அதோடு விடாமல், ஆண்குறியின் நீளம் குறைந்துவிட்டதா என்று தெரிந்துகொண்டே ஆக வேண்டுமாம்.

அவர் உள்ளே வந்தபோது, வெளியே பெஞ்சில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்த அவர் மனைவி தெரிந்தார். புருஷன் இப்படி மானத்தை வாங்கினால் பாவம், அந்த அம்மாதான் என்ன செய்வார் என்று நினைத்துக்கொண்டார் டாக்டர்.

அளக்கிற விஷயத்தில் சின்ன டாக்டர் கொஞ்சம் பிடிவாதக்காரர். ஆளுக்கு ஒரு விதமாக அளந்து வைத்துவிட்டுக் கூடிவிட்டது, குறைந்துவிட்டது என்று பேசுவது அவருக்கு ஆகாது. முதலில் ஏசியை அணைத்தார். குளிரில் சுருங்கும். டேப்பை ஒதுக்கிவிட்டு வளையாத ஸ்கேலை எடுத்தார். டேப் வளைந்து கொடுத்து ஏமாற்றும். இழுத்துப் பிடித்து, மேல்பக்கமாக ஸ்கேலைத் தோலில் லேசாகத் தொடவைத்து ஓர் அளவு எடுத்தார். பிறகு ஸ்கேலின் முனை உள்ளே இடுப்பெலும்பில் முட்டும்வரை அழுத்தி இன்னொன்று.

“தோல்லேர்ந்து பத்து சென்டிமீட்டர். எலும்புலேர்ந்து பதினொன்றரை.”

இன்ஸ்பெக்டர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. “ஆபரேஷனுக்கு முன்னாடி பெரிய டாக்டர் அளந்தப்பவும் பதினொன்றரைதான். எங்க ரெண்டு பேர்கிட்டயும் சொன்னாரு. அப்ப குறையலை!”

“இருங்க சார். அன்னைக்கு அவர் ஸ்கேலை இந்த மாதிரி அழுத்தினாரா?”

இன்ஸ்பெக்டர் தயங்கினார். பொய் சொல்ல வரவில்லை போலிருக்கிறது.

“இல்ல. சும்மா தோல் மேல வெச்சுத்தான் பாத்தாரு.”

“அப்ப அந்தப் பதினொன்றரையை இந்தப் பத்தோடதான் ஒப்பிடணும். ஒன்றரை குறைஞ்சிருக்கு. இந்த ஆபரேஷனுக்கு அப்புறம் நிறைய பேருக்கு ஆகிறதுதான். போகப்போகக் கொஞ்சம் சரியாகலாம். பயப்பட ஒண்ணுமில்ல.”

“எலும்புலேர்ந்து அளக்கிறது தப்பான முறையா டாக்டர்?”

“தப்பே இல்ல. உண்மையில அதுதான் நல்ல முறை. உடம்பு பெருத்தா தோலுக்கு அடியில கொழுப்பு ஏறும், இளைச்சா இறங்கும். எலும்பு அசையாது. யார் அளந்தாலும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் வரும்.”

“அப்ப அதையே சொல்லிடுங்களேன்.”

“அன்னைக்கு ஒரு முறை, இன்னைக்கு ஒரு முறைன்னா கணக்கு எப்படி சார் சரியா வரும்?”

“வராதுன்னு தெரியும் டாக்டர். இருந்தாலும் அதையே சொல்லிடுங்க.”

டாக்டருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஊரில் இருக்கிற கடைக்காரனுக்கெல்லாம் ஒரு நியாயம், தனக்கென்று வந்தால் வேறு நியாயமா?

“நீங்களே இப்படிக் கேக்கலாமா சார்? வாங்க ஒரு தராசு, விக்க ஒரு தராசுன்னு வெச்சிருக்கிறவனை நீங்க சும்மா விட்டிருப்பீங்களா?”

“கடைக்கே சீல் வெச்சிருப்பேன்.” பெல்ட்டை மாட்டிக்கொண்டே சொன்னார் இன்ஸ்பெக்டர். “உங்க ஃபைல்ல பத்துன்னே எழுதுங்க. குறைஞ்சிருக்குன்னே எழுதுங்க. அதுல ஒரு புள்ளிகூட மாத்த வேணாம். இந்த வயசுல எனக்கு அதைப் பத்தி என்ன டாக்டர்?”

“அப்புறம் யாருக்காகக் கேக்கறீங்க?”

இன்ஸ்பெக்டர் சாத்தியிருந்த கதவைப் பார்த்தார். குரல் இறங்கிப்போனது.

“கத்தின்னாலே எனக்கு நடுக்கம். ஆபரேஷனே வேணாம்னு ஒத்தக்கால்ல நின்னேன். அழுது, ரெண்டு வேளை பட்டினி கிடந்து, என்னைக் கையெழுத்துப் போட வெச்சது அவதான். என் உசுரைக் காப்பாத்தினவ டாக்டர் அவ. இப்படிக் குறையும்னு அப்புறமா யாரோ சொல்லிக் கேட்டுட்டா. அன்னையிலேர்ந்து, ‘என் பிடிவாதத்தால உங்களுக்கு ஒரு குறையை உண்டாக்கிட்டேனே’ன்னு உள்ளுக்குள்ளேயே மருகிட்டிருக்கா. அதெல்லாம் ஒண்ணுமில்லன்னு நான் சொன்னா, எனக்காக மறைக்கறீங்கன்னு சொல்றா. டாக்டர் வாயால கேட்டா நம்புவா.”

சின்ன டாக்டர் பேனாவை எடுத்தார். ஃபைலில் ‘பத்து’ என்று எழுதி மூடி வைத்தார். அட்டெண்டரைக் கூப்பிடாமல் தானே எழுந்து போய்க் கதவைத் திறந்தார்.

“அம்மா, நானே அளந்து பாத்துட்டேன். அன்னைக்குப் பெரிய டாக்டர் சொன்ன அதே பதினொன்றரை. அவரைக் கூட்டிட்டு நிம்மதியா வீட்டுக்குப் போங்க.”